போத்தலுக்குள் கும்பிடுபூச்சி

கேள்வி: எங்கள் வீட்டுச் செவ்வரத்தையில் பென்னம்பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி ஒன்று இருந்தது. சிறகின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு, நல்ல பருத்த வயிறு. தரம் 7 படிக்கிற மகன் அதைப் பிடித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருக்கிறான். செத்த கரப்பானைப் போட்டால் தொடுவதில்லை. பகலில் பச்சையாக இருக்கிற கண், இரவில் கறுத்துப்போகிறது. ஏதும் வருத்தமா? மாமி அது நஞ்சு என்று பயப்படுகிறார்.
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வருத்தமும் இல்லை, நஞ்சும் இல்லை தங்கச்சி. பிடித்த கையில் முன்கால் முள் சுள்ளென்று குத்தும், மிஞ்சிப்போனால் ஒரு கடி. மாமியைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இருட்டினால் கண்ணின் நிறமி இடம் மாறும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் வாங்கிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. காலையில் திரும்பப் பச்சையாகிவிடும். பகலில் கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, நாம் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்ப்பதுபோல இருக்குமே, அது கண்மணி அல்ல. நமக்கு நேராக இருக்கிற சிறுகண்கள் வெளிச்சத்தை விழுங்குவதால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் பிழை கரப்பானில்தான். அசையாத பொருளை இது பெரும்பாலும் இரையாகவே எண்ணாது. வெட்டுக்கிளி, விட்டில், ஈ, உயிருள்ள கரப்பான் எல்லாம் தின்னும். பெரியதொன்று சின்னப் பல்லியைக்கூடப் பிடித்துவிடும். மருந்தடித்துச் செத்த கரப்பானை மட்டும் போட்டுவிடாதீர்கள். தண்ணீரை இலையில் தெளித்தால் போதும்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு இது ஹைரொடுலா இனமாக இருக்கவேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள பெரிய வகை; பெண் 8 சென்ரிமீற்றரையும் தாண்டும். பருத்த வயிறென்றால் முட்டை வைக்கப்போகிற பெண்ணாக இருக்கலாம். வயிற்று நுனியால் நுரையைச் சுரந்து, அதற்குள் முட்டைகளை வைத்து, கொப்பில் ஒட்டிவிடும். நுரை காய்ந்து கெட்டியாகும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேலே குஞ்சுகள் வரலாம். பசித்தால் ஒன்றையொன்று தின்னவும் செய்யும், அந்தப் பக்கம் பாசமெல்லாம் கிடையாது.

பெண், ஆணைத் தின்னும் என்ற கதையும் உண்மைதான், ஆனால் எப்போதும் அல்ல. இதே ஹைரொடுலாவை வைத்துச் செய்த ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது: பசியோடிருந்த பெண்களே ஆணைப் பிடித்துத் தின்றன, தின்றவற்றின் முட்டைக்கூடும் பெரிதாக இருந்தது.

தோட்டத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். புழுவைத் தின்கிற அதே வாயால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் தின்கிறது. அதற்கு உங்கள் கத்தரிச் செடியில் ஒரு அக்கறையும் இல்லை.

மகனிடம் சொல்லி அதே செவ்வரத்தையில் விட்டுவிடுங்கள். சுற்றிப் பிடிக்க வேண்டாம். ஒரு குச்சியை முன்னே நீட்டினால் தானாகவே ஏறிக்கொள்ளும். அவனுக்கு ஆசை தீரவில்லை என்றால் இரவில் விறாந்தை மின்குமிழடியில் பார்க்கட்டும். வெளிச்சத்துக்குப் பறந்து வருவது அநேகமாக ஆண், ஒல்லியாக இருக்கும். சந்தேகமென்றால் வயிற்றின் அடிப்பக்க வளையங்களை எண்ணச் சொல்லுங்கள்: பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8.