டோக்கியோவில் நான்கு நாள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மே மாத நடுவில் அப்பா அம்மாவை டோக்கியோ அழைத்துச் செல்கிறேன். நான்கு முழு நாட்கள் கிடைக்கும். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, அம்மா சைவம். பயண முகவர் கொடுத்த பட்டியலில் ஸ்கைட்ரீ கோபுரம், ஷிபுயா சாலைச் சந்திப்பு, கிமோனோ வாடகை, ‘சாமுராய் அனுபவம்’, ஒரு மணி நேரத் தேநீர்ச் சடங்கு என்று வரிசையாக இருக்கிறது. ஜப்பானியப் பண்பாட்டை உண்மையிலேயே பார்க்க வேண்டுமென்றால் இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

பாதியை அடித்துவிடலாம். பயணிகளுக்கென்றே தயாரித்து விற்கப்படும் ‘அனுபவங்கள்’ டோக்கியோவில் விலை அதிகம், சாரம் குறைவு. அவ்வூர்க்காரர்கள் தங்கள் காசைக் கொடுத்து எங்கே போகிறார்களோ அங்கே போங்கள். சுமோ மல்யுத்த அரங்கு, மரபு நாடகமான கபுகியின் அரங்கு, தெருவோரப் பொதுக் குளியலகம் மூன்றும் யாருக்கும் திறந்தவை. நுழையும் முறை தெரியாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுமோவுக்கு உங்கள் தேதி நன்றாகவே பொருந்துகிறது. ஆண்டுக்கு ஆறு தொடர்கள். ஜனவரி, மே, செப்டம்பர் தொடர்கள் டோக்கியோவில், ர்யோகோகு பகுதியின் கொகுகிகான் அரங்கில் நடக்கும். மே தொடர் வழக்கமாக இரண்டாம் ஞாயிறு தொடங்கி 15 நாள். டிக்கெட்டை விற்பனை தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள், வார இறுதி நாட்கள் சீக்கிரம் தீரும். கீழ்த்தளத்து ‘மாசு’ இருக்கை பெற்றோருக்கு வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு பேர் இருக்கும் சின்னச் சதுரத்தில் மணிக்கணக்காகச் சம்மணமிட்டு உட்கார வேண்டியிருக்கும். இரண்டாம் தளத்தில் நாற்காலி உண்டு. ஆட்டம் காலையிலேயே இளநிலை வீரர்களோடு தொடங்கிவிடும். நீங்கள் இரண்டு மணிக்குப் போனால் போதும். சுமார் 3.40க்கு உயர்பிரிவினர் அலங்கார முன்துணி கட்டி மேடையேறுவார்கள், ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

மோதல் சில நொடிதான். அதற்கு முன் உப்பை வீசுவதும், குந்தி முறைப்பதும், எழுந்து போய்த் திரும்ப வருவதும் நடக்கும். புதிதாக வருபவர்கள் இதை வெட்டி நேரம் என்று நினைத்துக் கைப்பேசியை எடுப்பார்கள், தலை நிமிர்வதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். உயர்பிரிவில் இந்த ஆயத்தத்துக்கு உச்சவரம்பு நாலு நிமிடம். நேரம் நெருங்க நெருங்க அரங்கின் சத்தம் ஏறும், அதைக் கவனித்தாலே எப்போது பாய்வார்கள் என்று தெரிந்துவிடும். 4.55 மீட்டர் வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலோ, பாதம் தவிர உடலின் வேறு பகுதி தரையைத் தொட்டாலோ தோல்வி. இவ்வளவு விதி தெரிந்தால் போதும்.

கபுகிக்கு கின்சாவின் கிழக்கே கபுகிசா அரங்கு. 1889இல் தொடங்கியது, இப்போதிருக்கும் கட்டடம் 2013இல் திறந்தது. ஒரு முழு நிகழ்ச்சி நாலு மணி நேரம் போகும், மொழி தெரியாதவருக்கு அது தண்டனை. அதற்காகவே நாலாம் மாடியில் ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் தருகிறார்கள். விலை அங்கத்தின் நீளத்தைப் பொறுத்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் பகல் 12 மணிக்கு இணையத்தில் முன்பதிவு திறக்கும். வசனம் மிகுந்த குடும்பக் கதையை விட்டு நடன அங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது பார்வையாளர் நடுவே ஓடும் ‘ஹனாமிச்சி’ நடைபாதை முழுதாகத் தெரியாது, அதுதான் இந்த மலிவுக்கு விலை. நடிகர் உச்சக்கட்டத்தில் உறைந்து நிற்கும்போது மரக்கட்டைகள் படபடக்கும். உங்களுக்குப் பின்னாலிருந்து யாராவது நடிகரின் ‘யாகோ’வை, அதாவது அவருடைய நாடகப் பரம்பரையின் பெயரை, உரக்கக் கூவக்கூடும். கூவுகிறவருக்கு அந்த நொடி அத்துப்படி. பார்த்து நாமும் கத்த வேண்டாம்.

பெற்றோருக்குத் தயக்கம் வரப்போவது குளியலகத்தில்தான். ‘செந்தோ’ எனப்படும் இவற்றின் கட்டணம் டோக்கியோ முழுக்க ஒன்றே. 2024 ஆகஸ்டில் பெரியவர்களுக்கு 550 யென் ஆனது. பெரும்பாலானவை பிற்பகலில்தான் திறக்கும். வாசல் திரை பொதுவாக ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் முன்மேசையில் கேட்டுவிடுங்கள். செருப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பணம் கட்டி, உள்ளே எல்லா உடையையும் களைய வேண்டும். நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது. ஒரு சின்னத் துண்டு மட்டும் கையில் இருக்கலாம். குழாய் முன்னால் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை கழுவி, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊற. வெளியாட்கள் தவறு செய்யும் இடம் இதுதான். துண்டும் முடியும் தண்ணீரில் படக்கூடாது. அம்மா கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்ளட்டும். தண்ணீர் பெரும்பாலும் 42 டிகிரிக்குக் குறையாது. முதல் தடவை மூன்று நிமிடம் போதும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும். அப்பா மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். உடைமாற்றும் அறைக்குத் திரும்புமுன் உடம்பைத் துடைத்துவிடுங்கள், அங்கே தரை ஈரமானால் முகம் சுளிப்பார்கள். தெற்கே கமாதா பக்கம் போனால் கருந்தேநீர் நிறத்தில் இயற்கை ஊற்றுநீர்க் குளியலகங்கள் உண்டு. பழங்காலத் தாவரங்கள் மட்கிக் கரைந்ததால் வந்த நிறம் அது, அழுக்கல்ல.

அசாகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே போகலாம், மண்டபம் திறந்திருக்கும். பத்து மணிக்கு மேல் கடைத்தெருவில் நகர முடியாது. அங்கே குறிச்சீட்டு எடுப்பதும் எளிது. 100 யென்னைப் போட்டு, உலோக உருளையைக் குலுக்கி, விழும் குச்சியின் எண் கொண்ட இழுப்பறையிலிருந்து தாளை எடுக்க வேண்டும். நூறில் முப்பது சீட்டு கெட்ட பலன்தான் சொல்லும். வந்தால் பதறாமல் அங்குள்ள கம்பியில் கட்டிவிட்டு வாருங்கள். மே மூன்றாம் வார இறுதியில் பக்கத்து அசாகுசா ஆலயத்தின் சஞ்சா திருவிழா. பல்லக்குகள் தோளில் குலுங்கி வருவதைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பெற்றோரை நெரிசலுக்குள் நிறுத்தாதீர்கள்.

அங்கிருந்து கின்சா மெட்ரோ தடத்தில் உவேனோ போகலாம். ஷினோபாசு குளத்தின் நடுவே பென்தேன் கோயில் இருக்கிறது. பென்தேன் என்பது நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவள். கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பிசைக் கருவி. சுற்றி நினைவுக்கற்கள் நிற்கின்றன, மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, சமையல் கத்திக்கு ஒன்று, பஃபர் மீனுக்கு ஒன்று. தாமரை பூப்பது ஜூலை, ஆகஸ்டில். உங்களுக்கு இலை மட்டும் கிடைக்கும்.

தேநீர்ச் சடங்குக்கு மாற்று ஹமாரிக்யூ தோட்டம். நுழைவு 300 யென். கடல்நீர் ஏறியிறங்கும் குளத்தின் நடுவிலுள்ள தேநீர் வீட்டில் மாட்சா எனும் பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் தருவார்கள். இனிப்பை முதலில் தின்றுவிட்டுத் தேநீரைக் குடியுங்கள். ஸ்கைட்ரீயை விட்டுவிடலாம், ஷின்ஜுகுவில் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிப் பார்வைத்தளம் இலவசம். ஷிபுயாவைப் போகிறபோக்கில் பாருங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது.

அம்மாவின் சாப்பாட்டில் ஏமாற்றுவது மாமிசமில்லை, ‘தாஷி’ சாறு. உலர்ந்த கத்சுவோ மீனில் எடுத்த இந்தச் சாறு மிசோ சூப், சோபா, உதோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி எதிலும் இருக்கலாம். “இறைச்சி வேண்டாம்” என்றால் மீன்சாற்றை அவர்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். “மீன், கத்சுவோ தாஷி இரண்டும் கூடாது” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையை விடுதியில் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். தென்னிந்தியச் சாப்பாட்டுக்கு ஏக்கம் வந்தால் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய் பகுதிக்குப் போங்கள், தோசாய் மெட்ரோ தடத்தில் இருக்கிறது.

அன்புடன்