பிளாஸ்மா உந்துகருவித் துறைக்குச் செல்ல எதைப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் விண்கலங்களுக்கான பிளாஸ்மா உந்துகருவித் துறையில்தான் பணியாற்றுவேன் என்று உறுதியாக இருப்பதாகவும், அப்பெயரில் பட்டப்படிப்பு எதுவும் கண்ணில் படாததால் தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைக் குறையாகக் கருத வேண்டாம். இத்துறைக்குள் நுழைபவர்கள் இயற்பியல், மின்னியல், பொருளறிவியல் எனப் பல வாசல்கள் வழியாகவே வருகிறார்கள்.

கருவியின் அமைப்பே அப்படிப்பட்டது. ஹால் வகை உந்துகருவியில், காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் எலெக்ட்ரான்கள் செனான் வாயுவை அயனியாக்கி பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாலான வாயுவாக மாற்ற, அந்த அயனிகளை மின்புலம் நொடிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியே தள்ளுகிறது. வேதி எரிபொருள் இயந்திரங்களில் இவ்வேகம் 3 அல்லது 4 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே எரிபொருள் பெருமளவு மிச்சமாகிறது. விசைதான் மிகக் குறைவு. 2007-இல் ஏவப்பட்ட நாசாவின் டான் விண்கலத்தில் இருந்த அயனி இயந்திரத்தின் உச்ச விசை, இரண்டு வெள்ளைத்தாள்கள் உள்ளங்கையை அழுத்தும் அளவே. அதை ஆண்டுக்கணக்கில் இயக்கியே அவ்விண்கலம் வெஸ்டா என்ற சிறுகோளையும் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சென்றடைந்தது. இவ்வளவு காலம் பழுதின்றி ஓட வேண்டுமென்றால், அயனிகள் மோதித் தேயும் பீங்கான் சுவரைப் பற்றியும், சூரியத் தகடு தரும் மின்சாரத்தை நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்தும் சுற்றுகளைப் பற்றியும், வெற்றிடக் கலனில் மாதக்கணக்கில் நடத்தும் சோதனைகளைப் பற்றியும் அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஏரோநாட்டிக்கல் என்ற பெயருக்காக ஆய்வக வசதியில்லாத கல்லூரியில் சேர்ப்பதைவிட, நல்ல கல்லூரியில் மின்னியல்-மின்னணுவியல் பொறியியலோ இயற்பியலோ படிப்பது மேல் என்பதே என் கருத்து. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் நல்ல இடம் கிடைத்தால், திருவனந்தபுரம் வலியமலையிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தை முதலில் கருதலாம். இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையமும் அங்கேதான் இருக்கிறது. இயற்பியல் வழியில் செல்பவர்களுக்கு, முதுநிலைக்குப் பிறகு காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாய்ப்பு உண்டு.

வேலை கிடைக்குமா என்ற தங்கள் கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தியாவில் இத்துறை இன்னும் சிறியது. 2017-இல் ஏவப்பட்ட ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இஸ்ரோ மின் உந்துவிசையைப் பயன்படுத்தியது; பெங்களூருவின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் தன் ஹால் உந்துகருவிக்கு எலெக்ட்ரான்களை அளிக்கும் கேதோடு என்ற பாகத்தை 2024-இல் விண்வெளியில் சோதித்தது. பணியிடங்கள் குறைவாக இருந்தாலும் கற்ற கல்வி வீணாகாது. திறன் மின்னணுவியல் (பவர் எலெக்ட்ரானிக்ஸ்) தெரிந்தவரை மின்வாகனத் துறையும், வெற்றிடமும் பிளாஸ்மாவும் தெரிந்தவரைக் குறைகடத்தித் தொழிற்சாலைகளும் ஏற்றுக்கொள்ளும். இப்போதைக்கு அவர் மின்காந்தவியல், நுண்கணிதம் ஆகிய இரண்டிலும் கூடுதல் கவனம் செலுத்தினால் போதும்.