ஓய்வு பெறப்போகும் ஆய்வாளருக்கு விருதுப் பரிந்துரை எழுதுவது எப்படி?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறைத் தலைவர் மேடம் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உண்ணிக் காய்ச்சலில் ஆய்வு செய்தவர். வெளியே எந்த அங்கீகாரமும் கிடைத்ததில்லை, அவராகக் கேட்கவும் மாட்டார். நல்ல விருது ஒன்றுக்குப் பரிந்துரைக்கலாம் என்று மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் பிரிவு உபசார விழாப் பேச்சு மாதிரி இருக்கிறது. எந்த விருதுக்கு அனுப்பலாம், எப்படி எழுத வேண்டும்?

பதில்: அவர் பணியில் இருக்கும்போதே இதை யோசித்தீர்களே, அது பெரிய விஷயம். நம் நாட்டில் மருத்துவ ஆய்வாளர்களுக்கு மரியாதை வந்து சேரும் நேரத்தைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். கொல்கத்தா டாக்டர் திலீப் மஹலனோபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் படுத்துக் கிடக்க, நரம்பில் ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, டிரம்மில் ஊற்றி, கூட வந்த உறவினர்களையே கப்பால் மொண்டு குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் அந்த வார்டு இருக்கிறது. வெளிநாட்டில் 2002-இல் போலின் பரிசும் 2006-இல் தாய்லாந்தின் இளவரசர் மஹிடோல் விருதும் கொடுத்தார்கள். நம் பத்ம விபூஷண் வந்தது 2023 ஜனவரியில். அவர் 2022 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

இதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. உட்கார்ந்து பரிந்துரை எழுதுவது யாருடைய வேலையும் இல்லை என்பதே போதும். ஆய்வாளர் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்படுவார், கூட இருப்பவர்களோ 'இவருக்கு இன்னும் கிடைக்காமலா இருக்கும்' என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் நீங்கள் எழுதியே ஆக வேண்டும்.

சரி, அந்த மூன்று பக்கத்துக்கு வருவோம். தேர்வுக் குழுக்களில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன், கட்டுக் கட்டாகப் பரிந்துரைகளைப் படித்திருக்கிறேன். உங்கள் முதல் பக்கத்தில் மேடத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பேராசிரியரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்படியும் பொருந்தினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். 'அயராத உழைப்பாளி', 'மாணவர்களின் வழிகாட்டி', 'தன்னலமற்ற சேவை' எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அன்றைக்குக் குழுவின் மேஜையில் இருக்கும் நாற்பது பேருக்கும் அதையேதான் எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பதிலாக, மேடம் வருவதற்கு முன் உங்கள் காய்ச்சல் வார்டு எப்படி இருந்தது என்பதில் தொடங்குங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு அடையாளம், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்குப் புண். அது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பகத்துக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். துணியை விலக்கிப் பார்க்காத டாக்டருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாமல் போனால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகி ஐ.சி.யு.வில் கிடப்பார்கள். உங்கள் மேடம் இந்த இடத்தில் எதை மாற்றினார்? வார்டில் புண்ணைத் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கினாரா, லேபில் அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தாரா, சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரா, அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து மாவட்டச் சுற்றறிக்கை ஏதாவது வந்ததா? இப்படி எழுதிப் பாருங்கள்: 'இந்த ஆண்டுக்கு முன் எங்கள் மருத்துவமனையில் காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதி அனுப்பியவர்கள் இத்தனை பேர். பரிசோதனை வந்த பிறகு அவர்களில் இத்தனை பேருக்கு உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. இறப்பு இதிலிருந்து இதற்குக் குறைந்தது.' எண்களை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறை, பழைய முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள், லேபின் தினசரிப் பதிவேடு, இந்த மூன்றிலும் ஒரு வாரம் உட்கார்ந்தால் கிடைக்கும். அப்புறம், பத்துப் பதினைந்து ஆண்டாக அதே வார்டில் இருக்கும் செவிலியரிடம் பேசுங்கள். என்ன மாறியது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு நம் யாருக்கும் தெரியாது.

ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையையும் இதழின் தாக்கக் காரணியையும் (அந்த இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) முதல் வரியிலேயே போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். ஒரு கட்டுரையின் தரத்தை அது வந்த இதழின் எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் உருவான டோரா அறிக்கையே சொல்கிறது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மேடத்தின் கட்டுரைகளில் முக்கியமான ஐந்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'இதில் என்ன கேட்டார், என்ன கண்டார், யார் அதைப் பயன்படுத்தினார்கள்' என்று மூன்று வரி எழுதுங்கள். முழுப் பட்டியலைக் கடைசியில் இணைத்தால் போதும். பி.எச்டி. இல்லை, வெளிநாட்டுப் பயிற்சி இல்லை என்று தயங்காதீர்கள். மலேரியாவுக்கு ஆர்டிமிசினினைக் கண்டறிந்து 2015-இல் நோபல் பெற்ற து யூயூவிடம் முனைவர் பட்டம் இல்லை, சீன அறிவியல் கழகத்தில் அவர் உறுப்பினரும் இல்லை.

அடுத்து ஒரு சின்ன விஷயம். சின்னதாகத் தெரியும், நிறையப் பேரின் காலை வாரிவிட்டது இதுதான். பெயர். நம்முடைய இனிஷியல் முறை வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. ஒரு பெண் கல்லூரியில் ஆர். லட்சுமி, திருமணத்துக்குப் பிறகு கே. லட்சுமி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுதியிருப்பார்கள், ஓர் இதழில் இனிஷியல் முன்னால், இன்னோர் இதழில் பின்னால். கணினிக்கு இவர்கள் நான்கு வேறு ஆட்கள். போதாததற்கு, அதே இனிஷியலோடு இன்னும் பத்து லட்சுமிகள் இருப்பார்கள். நான் இருந்த ஒரு குழுவில், மூத்த ஆய்வாளர் ஒருவரின் பாதிக் கட்டுரைகள் தேடலில் வரவே இல்லை, இருபது ஆண்டு உழைப்பு பத்து ஆண்டாகச் சுருங்கித் தெரிந்தது, யாரும் கவனிக்கும் முன் பட்டியல் முடிவாகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் முதல் வேலையாக மேடத்துக்கு ஆர்சிட் எண் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் அடையாள எண்) ஒன்று வாங்கிக் கொடுங்கள். 16 இலக்கம், இலவசம், பதிவு செய்யப் பத்து நிமிடம்கூட ஆகாது. பழைய பெயர்களில் வந்த கட்டுரைகளையெல்லாம் அதில் சேர்த்துவிடுங்கள், பரிந்துரையின் முதல் பக்கத்திலேயே 'இந்தப் பெயர்களில் எழுதியிருக்கிறார்' என்று குறிப்பிடுங்கள்.

எந்த விருது என்று கேட்டீர்கள். மத்திய அரசு விருதுகளுக்கெல்லாம் இப்போது ஒரே இணையப் போர்ட்டல்தான். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், சாதனை விவரம் 800 சொற்களுக்குள் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்குப் பத்ம விருது கிடையாது என்பது விதி, ஆனால் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் அதில் விலக்கு உண்டு, எனவே ஓய்வு வரை காத்திருக்க வேண்டாம். ராஷ்ட்ரிய விக்ஞான் புரஸ்கார் என்ற அறிவியல் விருதை 2024-இல் முதல் முறையாகக் கொடுத்தார்கள். மருத்துவமும் அதில் ஒரு பிரிவு. அதில் வாழ்நாள் சாதனைக்கான விக்ஞான் ரத்னாவை முதலில் பெற்றவர் மலேரியாக் கிருமியின் உயிர்வேதியியலில் வாழ்நாளைச் செலவிட்ட கோவிந்தராஜன் பத்மநாபன். முன்பு பட்நாகர் பரிசு என்று இருந்தது இப்போது இதற்குள் யுவா பிரிவாக வந்துவிட்டது, அது 45 வயது வரைதான், உங்கள் மேடத்துக்கு விக்ஞான் ஸ்ரீ என்ற பிரிவு பொருந்தும். மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் அறிவியலாளர்களுக்குக் கொடுக்கும் விருதுகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அவற்றிலும், உங்கள் துறையின் தொழில்முறைச் சங்கம் கொடுக்கும் நினைவுச் சொற்பொழிவு கௌரவத்திலும் தொடங்குவேன். உண்ணிக் காய்ச்சல் ஆய்வு எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். கடைசித் தேதியும் வயது விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விக்ஞான் புரஸ்காரில் குழுவுக்கென்றும் ஒரு பிரிவு இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வு ஒருத்தர் கையால் நடப்பதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அந்த ஆய்வை வழிநடத்தினார். இரத்த மாதிரிகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர் அவருடைய முதுநிலை மாணவி நிர்மலா. வசதியான லேப் கிடையாது, மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போய் இறங்கி, வேலூர் சி.எம்.சி.யில் கொண்டுபோய்ச் சோதித்தார். சுனிதி சாலமனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது அவர் மறைந்த பிறகு, 2017-இல். நிர்மலாவின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியவர ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆனது. உங்கள் பரிந்துரையில் மேடத்தோடு வேலை செய்த லேப் டெக்னீஷியன், கிராமங்களுக்குப் போய் எலிப்பொறி வைத்து உண்ணி சேகரித்த களப்பணியாளர், கேஸ் விவரம் தொகுத்த மாணவர்கள் பெயரெல்லாம் ஒரு பத்தியில் வரட்டும். தலைவரின் பெருமை இதனால் குறையாது. நான் பார்த்த குழுக்களில், இப்படி எழுதியிருந்த பரிந்துரைகளை உறுப்பினர்கள் கூடுதல் நம்பிக்கையோடுதான் படித்தார்கள்.

பரிந்துரைக் கடிதம் கொடுப்பவர்கள் உங்கள் கல்லூரிக்கு வெளியே இருப்பது நல்லது. பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலைய வேண்டாம், மேடத்தின் ஆய்வைப் படித்துத் தன் மருத்துவமனையில் பின்பற்றிய ஒருவர் எழுதும் அரைப் பக்கத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம். அப்புறம் மேடத்திடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். சில விருதுகளுக்கு அவர் சம்மதம் கட்டாயம், கட்டாயம் இல்லாவிட்டாலும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண்கள், திருத்தம் வெளியிட்ட கட்டுரை ஏதாவது உண்டா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கூச்சப்படுவார். 'உங்களுக்காக இல்லை மேடம், வார்டில் நடந்தது எழுத்தில் இருக்க வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள்.

எழுத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு சுபாஷ் முகர்ஜியின் கதை ஒன்று போதும். 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் சோதனைக் குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறக்கக் காரணமானவர். அரசு அமைத்த விசாரணைக் குழு நம்பவில்லை. 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையைத்தான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மும்பைக் குழுவின் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமார், பின்னாளில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, முதலில் செய்தவர் முகர்ஜிதான் என்று 1997-இல் கட்டுரை எழுதினார். 'முதல்' என்ற பெயர் தன் குழுவின் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே எழுதினார். அந்தக் குறிப்புகள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் அவர் எதை வைத்து எழுதியிருப்பார்?

ஆகவே ஓய்வு நாளன்று மேடத்தின் அறையைக் காலி செய்யும்போது லேப் நோட்டு, ஸ்லைடு, பழைய கடிதம் எதையும் தூக்கிப்போட விடாதீர்கள். நோயாளிகளின் பெயர் இருக்கும் காகிதங்களை மருத்துவமனை விதிப்படி தனியே பாதுகாத்துவிட்டு, மற்றதைக் கல்லூரி நூலகத்தில் ஒரு பீரோ கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று மாலைகள் அவரைப் பேசவைத்து மொபைலிலேயே பதிவு செய்யுங்கள்: முதல் கேஸ் எப்போது, யாருக்குச் சந்தேகம் வந்தது, எது தோற்றது. தோற்றதையும் கேளுங்கள்.

முதல் ஆண்டு கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. காலரா நச்சைக் கண்டறிந்து 1959-இல் நேச்சர் இதழில் எழுதிய கொல்கத்தாவின் சம்பு நாத் தே, 1985-இல் இறக்கும் வரை நாட்டின் பெரிய விருது எதையும் பார்க்கவில்லை. பெரும்பாலான விருதுகளுக்கு அடுத்த ஆண்டும் அனுப்பலாம். ஃபைலை மூடாமல் வைத்திருந்து, புது எண்களைச் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள். வேண்டுமானால் முதல் பக்கத்தை மட்டும் திருத்தி எனக்கு அனுப்பி வையுங்கள், படித்துச் சொல்கிறேன்.