பதில்: சாண எரிவாயு அரைமணி நேரம்தான் எரிகிறது

இரண்டு மாடு, 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன், தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீரும் அதில் போகிறது, தினமும் அரைமணிதான் எரிகிறது, "புதுப்பிக்கத்தக்கது என்றால் தீராமல் வர வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. சிலிண்டர் வாயு பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டு சேர்ந்த இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். சாண வாயு தினக்கூலி மாதிரி. போட்ட அளவுக்குத்தான் வரும், போடாவிட்டால் நின்றுவிடும்.

அந்தக் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் தேவை. உங்களுக்குக் கிடைப்பது 20–25 கிலோதான் இருக்கும். கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர் வாயு, ஆக நாளுக்கு 800–1000 லிட்டர், அதாவது ஏறக்குறைய 1 கனமீட்டர். அதுவே ஓர் அடுப்பில் சுமார் இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். அரைமணியில் அணைகிறது என்றால் கோளாறு வேறு.

எனக்குச் சந்தேகம், தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர் மேல்தான். அது உள்ளே போனால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். உடனே நிறுத்துங்கள். சாணமும் நல்ல தண்ணீரும் சம அளவு, கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். நீர்த்துப் போனாலும் வாயு குறையும். மீள இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டு அதிகம் கொட்டினால் புளித்துவிடும்.

குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். சுடர் துடித்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, வடித்துவிடுங்கள்.