ஒரே சுரங்கத்தில் இரண்டு ரயில் அமைப்புகள் எப்படி ஓடுகின்றன?

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருச் சுரங்கத்தில் பார்ட், மியூனி என்ற இரண்டு ரயில் சேவைகளும் ஓடுகின்றனவே, மோதிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மோத வழியே இல்லை. சுரங்கம் ஒன்றுதான், ஆனால் மாடிவீடு போல அடுக்கடுக்கானது. தெருவுக்குக் கீழே டிக்கெட் தளம், அதற்கடியில் நகருக்குள் ஓடும் மியூனி, எல்லாவற்றுக்கும் அடியில் சுற்றியுள்ள ஊர்களை இணைக்கும் பார்ட். எம்பார்கடெரோ முதல் சிவிக் சென்டர் வரை நான்கு நிலையங்களும் இப்படித்தான்.

ஒரே தண்டவாளத்தில் ஓட்ட நினைத்தாலும் முடியாது. மியூனியின் பாதை அகலம் 1,435 மி.மீ.; பார்ட்டுக்கு 1,676 மி.மீ., அதாவது நம் இந்திய அகலப்பாதையின் அதே அளவு! மியூனிக்கு மின்சாரம் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து வருகிறது. பார்ட்டுக்கோ, பாதையின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து.

எனக்கு மிகவும் பிடித்தது மியூனி பெட்டியின் வாசற்படி. தெருவில் நிற்கும்போது அது கீழிறங்கிப் படிக்கட்டாகிறது. சுரங்கத்துக்குள் உயரமான நடைமேடை என்பதால், மேலெழுந்து பெட்டியின் தரையோடு தரையாகிவிடுகிறது. எவ்வளவு அழகான தீர்வு!

பார்ட் 1973இலும் மியூனி 1980இலும் இங்கே ஓடத் தொடங்கின. நுழைவு வாயில்கள் தனித்தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, டிக்கெட் தளத்துக்கு ஏறி வெளியே வந்து, அடுத்த வாயில் வழியாக மீண்டும் இறங்க வேண்டும்.