வழியில் நனைந்த பொதி: நட்டம் யாருடையது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் பின்னும் பெண்களிடம் பனையோலைப் பெட்டிகளை வாங்கி, கிளிநொச்சியிலிருந்து முகநூல் வழியாக விற்கிறேன். வெள்ளவத்தைக் கடையொன்று வட்ஸ்அப்பில் ரூ. 38,000 பெறுமதியான பெட்டிகளைக் கேட்டது. பொருள் கைக்கு வந்ததும் காசு என்பது பேச்சு. காசை வாங்கிக்கொண்டே கொடுக்கும்படி சொல்லிக் கூரியரில் அனுப்பிய பொதி நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்ததால் கடைக்காரர் ஏற்க மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டுள்ளபடி ரூ. 2,000 மட்டுமே தருவதாகக் கூரியர் நிறுவனம் கூறுகிறது. பின்னியவர்களுக்கும் இன்னும் காசு கொடுக்கவில்லை. நட்டத்தை யார் ஏற்க வேண்டும்?

பதில்: கடைக்காரரிடம் நீங்கள் பணம் கேட்க முடியாது என்பதே என் கருத்து. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவருக்கு அனுப்புமாறு பொருளைக் காவிச் செல்பவரிடம் ஒப்படைப்பது, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்ளப்படும். ஆனால் காசு தந்த பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டுமென்று நீங்கள் கூரியருக்குப் பணித்திருப்பதால், உரிமையை உங்கள் கையிலேயே வைத்திருந்தீர்கள். உரிமை யாரிடமோ, நட்ட அபாயமும் பொதுவாக அவரிடமே. கடைக்காரர் முற்பணமாக முழுத் தொகையையும் செலுத்தியிருந்தால் விடை வேறாக அமைந்திருக்கக்கூடும்.

ஆகவே உங்கள் வழக்கு கூரியர் நிறுவனத்துடன்தான். ரூ. 2,000 என்ற அச்சு வாசகம் இறுதித் தீர்ப்பு அல்ல. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ், கவனயீனத்தால் விளைந்த நட்டத்துக்கான பொறுப்பை மட்டுப்படுத்தும் வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயலாம். பொதியின் பெறுமதியைக் குறிப்பிட இடம் தந்தார்களா, கூடுதல் கட்டணத்தில் கூடுதல் பாதுகாப்புப் பெற வாய்ப்பிருந்ததா, அந்த வாசகம் கையளிக்கும்போது உங்கள் பார்வைக்கு வந்ததா என்பன அங்கே முக்கியமாகும்.

அவர்கள் முதலில் சொல்லப்போவது, பொதி சரியாகக் கட்டப்படவில்லை என்பதாகும். மாரி மழைக் காலத்தில் ஓலைப் பொருளை வெறும் மட்டைப் பெட்டியில் அனுப்பியிருந்தால் அந்த வாதத்துக்குச் சற்று வலு உண்டு. பொதி கட்டும்போது எடுத்த படம், பற்றுச்சீட்டு, கடைக்காரர் அனுப்பிய ஈரப் பொதியின் படம், வட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் உள்ளது என்பதற்காக மட்டும் ஒரு பதிவின் சட்ட வலுவை மறுக்க இடமளிப்பதில்லை.

பின்னிய பெண்களின் காசை இந்தப் பிணக்குடன் இணைக்காதீர்கள். அவர்கள் விற்றது உங்களுக்கு. கூரியர் தந்தாலும் தராவிட்டாலும் கொடுக்க வேண்டியவர் நீங்களே. விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு வழக்கிடும் காலவரையறை ஓராண்டு மட்டுமே என்பது அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அதை நம்பிக் காலம் கடத்துவது முறையல்ல.

இப்போது செய்ய வேண்டியது, முழுப் பெறுமதியையும் கோரி, 14 நாள் அவகாசத்துடன் கூரியர் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவதாகும். அதற்கும் இணங்காவிடின், இத்தகைய சிறு தொகைப் பிணக்கை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்கே கொண்டுசெல்ல வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகத் தோன்ற முடியாது. ரூ. 38,000 வழக்கில் அதுவும் ஒரு மிச்சமே.