ஏழு வயதுக் கோழிக்கு வைத்தியமா?

கேள்வி: எங்கள் கோழிக்கு 7 வயது. முட்டை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பத்து நாளாகக் குறாவிப் போய் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறது, தீவனம் போட்டால் ஓடி வருவதில்லை, மற்ற கோழிகள் கொத்துகின்றன. "வயசாயிடுச்சு, விட்டுடு" என்கிறார்கள் எல்லாரும். மருத்துவரிடம் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: கொண்டுபோங்கள். இன்றே முடிந்தால் இன்றே, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 7 வயது கோழிக்கு முதுமைதான், ஆனால் கடைசி வயது இல்லை; நல்ல கவனிப்பில் 8 வருடம், 10 வருடம் இருக்கிற கோழிகள் உண்டு. "வயசாயிடுச்சு" என்ற பேச்சில் எனக்குக் கோபமே அதனால்தான், அதைச் சொன்ன பிறகு யாரும் கோழியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நானும் ஒருமுறை அப்படி இருந்துவிட்டேன். எங்கள் கிழட்டுக் கோழி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தது, முதுமைத் தளர்ச்சி என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன், அப்புறம் ஒருநாள் காலைத் திருப்பிப் பார்த்தால் பாதத்தின் அடியில் வீக்கம், நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. உள்ளே சீழ் கட்டியிருந்தது. மருத்துவர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார், ஒரு மாதத்தில் ஓடியது, அதன் பிறகும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கோழி நோயை மறைக்கிற ஜாதி. தளர்ந்து நிற்கிறதைக் கூட்டமே கொத்தும், பிடிக்க வருகிற விலங்கும் அதைத்தான் முதலில் பிடிக்கும், அதனால் முடிகிற வரை நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்குப் பத்து நாள் என்றால் உள்ளே அதற்கு முன்பே ஏதோ தொடங்கியிருக்கிறது.

மருத்துவரிடம் போவதற்குள் நீங்களே சிலதைப் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு தூக்குங்கள், அடங்கி இருக்கும். கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்பக்கம் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவில் நிறைந்திருக்கும், விடிகாலையில் தீனி வைப்பதற்கு முன் காலியாகிவிட வேண்டும். காலையிலும் கெட்டியாகவோ, தண்ணீர்ப் பை மாதிரியோ இருந்து வாயில் புளிப்பு வாடை அடித்தால் தீனி இறங்கவில்லை என்று அர்த்தம். அதற்காகக் கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், வெளியே வருகிற தீனியும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் போய்க் கோழி அப்போதே செத்துவிடக்கூடும். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போலக் கையில் தட்டுப்பட்டால் சதை கரைந்திருக்கிறது. எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போனால் பெரும்பாலும் வயிற்றில் தீனியே இல்லை. எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா பாருங்கள். சிவப்புச் செள்ளு பகலில் கோழி மேல் இருக்காது, கூட்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரிதான் வந்து ரத்தம் குடிக்கும். கொண்டை வெளிறியிருந்தால் இரவில் ஒரு விளக்கோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துச் செள்ளு இருக்கிறதா பாருங்கள்.

அதுவரை வெப்பம், தண்ணீர், தீனி. இந்த வரிசையில்தான். கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி அளவில் இருக்கும், சாப்பிடாத கோழிக்கு அதைத் தக்கவைப்பதற்கே இருக்கிற சக்தியெல்லாம் போய்விடும். ஒரு பெட்டியில் மெத்தென்று எதையாவது விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். 27 முதல் 30 டிகிரி போதும். தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள்: நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், தானாக விழுங்கும். வழக்கமான தீவனத்தையே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள், அவித்த முட்டையை மசித்துச் சேர்க்கலாம். தீனிப்பை அடைத்திருந்தால் மட்டும் மருத்துவர் பார்க்கிற வரை தீனி கொடுக்காதீர்கள்.

தனியாக வைக்கச் சொல்கிறேன், கண்காணாத இடத்தில் இல்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் மற்றவை. குரலும் முகமும் பழகிக்கொண்டே இருந்தால் திரும்பச் சேர்க்கும்போது சண்டை குறையும்.

தேறிய பிறகு ஒரு மாற்றம் செய்யுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் தேவைப்படுவதால். முட்டை நின்ற கோழிக்கு அத்தனையும் சிறுநீரகத்துக்குச் சுமை. 1 சதவீதம் அளவில் உள்ள வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றி, முட்டையிடுகிற மற்றவற்றுக்குக் கிளிஞ்சலைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், வேண்டியது வந்து கொத்திக்கொள்ளும். உட்காரும் கம்பையும் தாழ்த்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் 5 வயதுக் கோழியின் வயிறு தொங்கிவிட்டது. உடம்பை நிமிர்த்திக்கொண்டு பென்குயின் மாதிரி நடக்கிறது.

பதில்: இதை வீட்டு வைத்தியத்தில் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கலாம், முட்டைக்கரு வழிதவறி வயிற்றறைக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம், முட்டை சிக்கியிருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மனிதர்களைப் போலக் கோழிக்கும் சினைப்பைப் புற்று தானாகவே வரும். பெண்களுக்கு வரும் அந்த நோயை ஆராய்கிறவர்கள் கோழிகளை வைத்து ஆராய்வதே அதனால்தான். நீரை எடுத்தால் மூச்சு லேசாகும், ஆனால் காரணம் உள்ளே இருந்தால் திரும்ப ஊறும். எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊறுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு அந்தக் குறிப்பு உதவும்.

கேள்வி: வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. எந்தக் கிருமி, எவ்வளவு எடை, எத்தனை நாள் என்று தெரியாமல் கொடுத்தால் நோயும் போகாது, கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். மருத்துவர் மருந்து கொடுத்தாலும் அந்தக் கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று மறக்காமல் கேளுங்கள். கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒன்றல்ல, பல கோழிகள் ஒரே நேரத்தில் சுருண்டாலோ, கழுத்து திருகினாலோ, திடீரென்று செத்தாலோ அது முதுமை இல்லை, தொற்றாக இருக்கலாம். எதையும் இடம் மாற்றாமல் அன்றைக்கே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

பதில்: இதற்குப் பதில் எழுதக் கை தயங்குகிறது. உங்கள் கோழி விரும்பிச் செய்கிற மூன்று காரியங்களை எழுதிக்கொள்ளுங்கள்: மண்குளியல், வெயிலில் இறக்கையை விரித்துப் படுப்பது, உங்கள் குரலுக்குத் திரும்புவது. அவை ஒவ்வொன்றாக நின்று, ஊட்டினாலும் விழுங்காமல், மூச்சுக்கு வாய் திறந்தபடி நாள் போகிறது என்றால் அதை இழுத்துக்கொண்டு போவது நமக்காகத்தான், கோழிக்காக இல்லை. மருத்துவர் ஊசியில் வலியில்லாமல் முடித்து வைப்பார். மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், நான் கேட்டேன், விட்டார்கள். மற்ற கோழிகள் இருந்தால், புதைப்பதற்கு முன் உடலைப் பரிசோதித்து எதனால் போனது என்று சொல்ல முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள், மறுநாள் என்றால் உடல் கெட்டுப்போய்ப் பார்க்க முடியாமல் போகலாம்.